தாசிங்கின் பாசித் தண்ணீர்

அணைக்கட்டு விருந்தில் யாரும் யாரையும் குறை சொல்லக் கூடாது என்பது எங்கள் பாசனச் சங்கத்து வழக்கம். மூன்று நாள் இடுப்பளவு ஆற்றில் நின்று, வெள்ளம் அடித்துக்கொண்டு போன அணையை மூங்கிலும் வாழைத்தண்டும் கல்லும் போட்டுத் திரும்பக் கட்டியவர்கள், நான்காம் நாள் பன்றி அடித்து ஆற்றங்கரையிலேயே உட்கார்ந்து சாப்பிடுவார்கள். முதல் கவளம் ஆற்றுக்கு. மிச்சம் முப்பத்தொரு பேருக்கும் சரிசமம். அந்த நேரத்தில் சண்டை பேசினால் அணை நிற்காது என்பார்கள். இதையெல்லாம் ஊருக்கு எடுத்துச் சொல்பவரே மாஸ்ட்ரோ பொலிகார்ப்போதான். இருபத்திரண்டு வருடமாகச் சங்கத்துக்கு அவர்தான் தலைவர், அதனால்தான் மாஸ்ட்ரோ. நேரில் கூப்பிடும்போது மனோங்; எங்கள் பேச்சில் அண்ணன் மனோங், அக்கா மனாங். அப்பேர்ப்பட்ட மனிதர் கறியை வாயில் வைத்துக்கொண்டே தாசிங்கின் பெயரை எடுத்தார் என்றால், விஷயம் எவ்வளவு முற்றிப்போயிருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

"தாசிங், உன் வயல் பாசி சங்கத்துத் தண்ணியைக் கெடுக்குது. வர்ற சனிக்கிழமைக்குள்ள உன் மூணு துண்டுலயும் மயில்துத்தம் போட்டு அதைக் கொன்னுடணும். மூட்டையை நானே குடுத்துடறேன்."

தாசிங் இலையிலிருந்த கறித்துண்டை வினிகரில் தோய்த்தாள். தோய்த்ததை மென்று விழுங்கினாள். அப்புறம்தான் பதில் சொன்னாள்.

"மாட்டேன்."

"என்னது?"

"மாட்டேன்னேன். மூணு நாளா ஆத்துல நின்னீங்களே மனோங், காதுல தண்ணி கிண்ணி போயிடுச்சா?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மாஸ்ட்ரோ திரும்பிப் பார்த்ததும் சிரிப்பு கறியோடு சேர்ந்து தொண்டைக்குள் இறங்கிவிட்டது.

"விளையாடாத. ருபினோ வயல்ல போய்ப் பாரு. நாத்தையெல்லாம் பாசி சுத்திப் படுக்கப் போட்டிருக்கு. உன் தலைமடைத் துண்டுக்கு அடுத்தாப்புல அவன் துண்டு. உன் வயல்ல இருந்து வழியற தண்ணிதானே அவன் வயலுக்குப் போகுது?"

ருபினோ பெரிய துக்கம் விழுந்த வீட்டுக்காரன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு தலையாட்டினான். நாற்றுக்காகத் துக்கப்பட்டாலும் அவன் இலையில் மட்டும் எதுவும் மிச்சம் இருக்கவில்லை.

"அது என் பாசி இல்ல, உன் பாசி" என்றாள் தாசிங், அவனிடம். "நட்ட அஞ்சாம் நாளே ரெண்டு மூட்டை உரத்தைக் கொண்டுபோய்க் கொட்டினியே, அதைத் தின்னு வளர்ந்தது. உன்னுது நூல் நூலா வரும், முடி மாதிரி. என்னுது தொட்டா கொழகொழன்னு உடையும். வா, இப்பவே போவோம். அம்பது அடி நடந்தா போதும். ரெண்டு வயல்லயும் கையை விட்டு இழுத்துப் பாரு."

ஒருவரும் எழுந்திருக்கவில்லை. கறி சூடாக இருந்தது.

"பாசின்னா பாசிதான் மனாங்" என்றான் ருபினோ. "பச்சையா இருக்கு, வழவழன்னு இருக்கு. அதுல என்ன உன்னுது என்னுது?"

"உன் மண்டை கூடத்தான் வழவழன்னு இருக்கு. அதுக்கும் துத்தம் போட்டுடலாமா?"

இந்த முறை சிரிப்பை அடக்க யாராலும் முடியவில்லை. ஆனால் மாஸ்ட்ரோ சிரிக்கவில்லை. இலையை மடித்துவிட்டு எழுந்தார்.

"சங்க உத்தரவைச் சொல்லிட்டேன். கேக்கலைன்னா, அறுவடை முடிஞ்ச பொதுக்கூட்டத்துல உன் பங்கை ஓட்டுக்கு விடுவேன்."

சிரித்துக்கொண்டிருந்த வாய்கள் எல்லாம் மூடிக்கொண்டன.

சங்கத்தில் பங்கு என்றால் வெறும் தண்ணீர் இல்லை. நிலமே அதுதான். ஆற்றில் இறங்கி அணைக்கு உழைப்பவருக்குத் தலைமடையில் ஒரு துண்டு, நடுமடையில் ஒரு துண்டு, கடைமடையில் ஒரு துண்டு. தண்ணீர் குறைந்த வருடத்தில் எல்லோருக்கும் கடைமடைதான் காயும். ஒருவன் மட்டும் அழ வேண்டியதில்லை. உழைப்பு நின்றால், அல்லது சங்கம் கைவிட்டால், மூன்று துண்டும் போய்விடும். தாசிங்கின் அப்பா செத்தபோது அவருக்கு மகன் இல்லை. மருமகன் செலோவோ முடிதிருத்துபவன். கத்திரிக்கோலைத் தவிர கனமான எதையும் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். பங்கை வேறு ஒருவனுக்குக் கொடுத்துவிடலாம் என்று பேச்சு வந்த அன்று, இருபத்தாறு வயது தாசிங் பாவாடையைச் சொருகிக்கொண்டு ஆற்றில் இறங்கிக் கல் சுமந்தாள். ஆண்கள் முணுமுணுத்தார்கள். அன்றைக்கு அவள் பெயரைப் புத்தகத்தில் எழுதச் சொன்னதும் இதே பொலிகார்ப்போதான். "கல்லைச் சுமக்கறவங்க உறுப்பினர். சுமக்கறது ஆம்பளையா பொம்பளையான்னு கல்லு கேக்கறதில்ல" என்றார். அதிலிருந்து பத்தொன்பது வருடம். ஒரு நாள் கூட அவள் தவறியதில்லை. அதனால்தான் அவளுக்கு வலித்தது. ருபினோ சொல்லியிருந்தால் துடைத்துப் போட்டுவிட்டுப் போயிருப்பாள்.

பாசி விஷயம் ஆரம்பித்தது மூன்று வருடத்துக்கு முன்னால். படாக் பக்கம் கல்லூரியில் விவசாயிகளுக்கு நான்கு நாள் பயிற்சி என்றார்கள். மதியச் சாப்பாடு இலவசம் என்பதால்தான் போனாள். அதை அவளே ஒளிக்காமல் சொல்வாள். திரும்பும்போது கையில் ஒரு பொட்டலம். உள்ளே காய்ந்துபோன கஞ்சி ஆடை மாதிரி நீலமும் பழுப்புமாகச் செதில்கள். நீலப்பச்சைப் பாசியாம்.

வீட்டுக்குப் பின்னால் பிளாஸ்டிக் விரித்து, நாலு விரல் ஆழத்துக்குத் தண்ணீர் கட்டி, வயல் மண் கொஞ்சம், சூப்பர் பாஸ்பேட் கொஞ்சம், சுண்ணாம்பு ஒரு சிட்டிகை போட்டு அந்தச் செதிலைத் தூவினாள். இரண்டு வாரத்தில் மேலே தோல் படர்ந்தது. வெயிலில் காயவிட்டு உரித்து எடுத்தாள். நாற்று நட்ட பத்தாம் நாள் மூன்று துண்டிலும் அதைத் தூவி, தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொண்டாள்.

"என்னடி அது?" என்று கேட்டான் செலோ.

"காத்துல இருக்கற சத்தைப் பிடிச்சு மண்ணுக்குக் குடுக்குமாம்."

"காத்தைப் பிடிச்சு நெல்லுக்கு ஊட்டறியா? அப்படியே எனக்கும் கொஞ்சம் ஊட்டு. அரிசிச் செலவு மிச்சம்."

முதல் வருடம் ஒன்றுமே தெரியவில்லை. செலோவின் கிண்டல்தான் விளைந்தது. இரண்டாம் வருடம் உழும்போது அவளுக்குக் காலில் தெரிந்தது. உரத்தை மூட்டை மூட்டையாகக் கொட்டிக் கொட்டிப் பலகையாக இறுகிக் கிடந்த மண் இளகியிருந்தது. பாதம் வைத்தால் கணுக்கால் வரைக்கும் உள்ளே வாங்கியது. பாதி உரத்துக்கே நெல் கரும்பச்சையாக நின்றது. அந்த மண்ணை அவள் யாருக்கும் தெரியாமல் முகர்ந்து பார்த்தாள். அப்பா காலத்து வாசனை என்றெல்லாம் கதை விட மாட்டேன், சேற்று வாசனைதான். ஆனால் அவளுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

சனிக்கிழமை காலையில் மாஸ்ட்ரோவும் ருபினோவும் இன்னும் ஏழெட்டுப் பேரும் துத்த மூட்டையோடு வந்தார்கள். தாசிங் தலைமடைத் துண்டில், தண்ணீர் நுழையும் வாயில் இரண்டு காலையும் அகட்டி வைத்து நின்றுகொண்டிருந்தாள்.

"நகரு தாசிங்."

"நகர்றேன். அதுக்கு முன்னால ஒண்ணு சொல்லுங்க. இங்க போடற துத்தம் இங்கயே இருக்குமா? சாயங்காலம் ருபினோ வயல். நாளைக்கு அதுக்கு அடுத்தவன். நாலாம் நாள் கடைமடை. கடைமடைக்கும் கடைசியில யார் நிலம் மனோங்?"

அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். தலைவருக்குச் சம்பளம் கிடையாது. பதவியில் இருக்கும் வரை கூடுதலாக ஒரு துண்டு உண்டு. அந்தத் துண்டு எப்போதும் கடைமடையின் கோடியில்தான் இருக்கும். தலைவரின் நெல் கோடியில் இருந்தால் தண்ணீரைக் கோடி வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்காமல் அவருக்குத் தூக்கம் வருமா? முன்னோர்கள் மனிதனை நன்றாகப் புரிந்துவைத்திருந்தார்கள்.

மாஸ்ட்ரோ கொஞ்சம் யோசித்தார். "வெளிமடையை அடைச்சுட்டுப் போடுவோம்."

"அடைங்க! அதைத்தான் நானும் சொல்றேன். மூணு துண்டுலயும் வெளிமடையை அடைச்சுடறேன். என் வயல் தண்ணி ஒரு சொட்டு கூட வெளிய வராது. ஒரு செதில் வராது. ஆனா துத்தம் என் மண்ணுல விழாது."

"அப்போ கீழ இருக்கறவங்களுக்குத் தண்ணி?" ருபினோ பதறினான்.

"என் துண்டுக்குள்ளயே ஓரமா வாய்க்கால் வெட்டித் தர்றேன். ஆத்துத் தண்ணி என் வயலைத் தொடாம சுத்தமா உங்களுக்கு வரும். நல்லா குடிச்சு வாழுங்க."

நட்ட வயலுக்குள் வாய்க்கால் வெட்டுவதா? பச்சை நாற்றைப் பிடுங்கிப் போட வேண்டும். மூன்று துண்டிலும் சேர்த்தால் நான்கு மூட்டை நெல்லாவது போகும். எல்லோரும் அவளைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள்.

மாஸ்ட்ரோ கெட்டவர் இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். "ஒரு வாரம் தர்றேன். வெட்டி முடி. துத்தம் வேண்டாம்" என்றார். "ஆனா உத்தரவை மீறினது மீறினதுதான். கூட்டத்துல ஓட்டு நிக்குது."

"நிக்கட்டும். நானும் நிக்கறேன்."

ஆறு நாள் வெட்டினாள். நட்டு மூன்று வாரமான பயிரைத் தன் கையாலேயே வேரோடு பிடுங்கிக் கரையில் எறிந்தாள். முதல் நாள் செலோ மண்வெட்டியோடு வந்தான். மத்தியானத்துக்குள் உள்ளங்கை கொப்பளித்து, இடுப்பு பிடித்து, வரப்பிலேயே படுத்துக்கொண்டான். "நீ போய் யாருக்காவது முடி வெட்டு. மண்ணை நான் வெட்டிக்கறேன்" என்று அனுப்பிவிட்டாள். வழியில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். ஒருவரும் இறங்கவில்லை. அணைக்கு முப்பத்தொரு பேர் இறங்கும் ஊர் அது. அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ஆத்திரத்தில் வேலை வேகமாக நடந்தது.

வாய்க்கால் ஓடத் தொடங்கியதும் ஊருக்குப் பரம திருப்தி. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். பத்தே நாளில் ருபினோவின் வயலில் நூல்பாசி மறுபடியும் வந்தது. இப்போது யாருடைய பாசி என்று அவன் வாயைத் திறக்கவில்லை. விடிந்தும் விடியாத நேரத்தில் வந்து மூங்கில் கழியால் சுருட்டிச் சுருட்டி எடுத்துக் கொண்டுபோய்ப் புதைத்தான். தாசிங் அடுத்த வரப்பில் நின்று, "என்ன தம்பி, நூல் திரிக்கறியா? எனக்கும் ஒரு போர்வை நெய்யேன்" என்று கேட்டாள். அவன் காதில் விழாத மாதிரி இருந்துவிட்டான்.

நெல் தூர் கட்டும் பருவம் வந்தது. தாசிங்கின் மூன்று துண்டும் கருகருவென்று நின்றன. அவற்றுக்குக் கீழே இருந்த வயல்கள் போன வருடத்தைப் போல இல்லை. ஒரு மாதிரி வெளிறியிருந்தன. மேலுரம் போட்டுச் சமாளித்தார்கள். ஆனால் கோடியில் இருந்த மாஸ்ட்ரோவின் துண்டு மட்டும் மஞ்சள் அடித்துவிட்டது. சாலையை ஒட்டிய நிலம் அது. பஸ்ஸில் போகிறவன் கூடத் தலையை நீட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.

போன இரண்டு வருடமும் அந்தத் துண்டில்தான் ஊரிலேயே நல்ல விளைச்சல். "ஆத்து வண்டல் பூரா கடைசியில வந்து என் நிலத்துலதான் தங்குது" என்று மாஸ்ட்ரோ சொல்லாத இடமில்லை. சொல்லிச் சொல்லி அவருக்கே அது உண்மையாகிவிட்டது. அந்த நம்பிக்கையில் உரத்தைப் பாதியாகக் குறைத்திருந்தார். இந்த வருடமும் பாதிதான் போட்டார். மஞ்சளைப் பார்த்ததும் பதறிப்போய் இன்னொரு மூட்டை போட்டார். மறுநாளே பேய்மழை பெய்து அத்தனையும் ஆற்றோடு போய்விட்டது. மூன்றாவது மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு ஊர் நடுவே நடக்க அவருடைய கௌரவம் இடம் கொடுக்கவில்லை. வண்டல் நிலத்துக்காரர் அல்லவா!

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஊரே படுத்துத் தூங்கும். தாசிங் மட்டும் அந்த நேரத்தில் ஒரு நடை போய்த் தண்ணீர் மட்டம் பார்ப்பாள். பாசி வெயிலில் காய்ந்துவிடக் கூடாது. அப்படி ஒரு நாள் கடைமடைக்குப் போனவள் தூரத்திலேயே நின்றுவிட்டாள். அவளுடைய துண்டுக்கும் மாஸ்ட்ரோவின் துண்டுக்கும் நடுவிலிருந்த வரப்பில் ஒருவர் குனிந்து மண்வெட்டியால் வெட்டிக்கொண்டிருந்தார். ஓலைத் தொப்பி. முழங்கால் வரைக்கும் மடித்துவிட்ட கால்சட்டை. ஒரு சாண் அகலத்துக்கு வரப்பு திறந்திருந்தது. அவள் வயலின் பாசித் தண்ணீர் குபுகுபுவென்று மஞ்சள் நெல்லுக்குள் பாய்ந்துகொண்டிருந்தது.

"மனோங்" என்றாள்.

மாஸ்ட்ரோ ஓடவில்லை. அந்த மட்டும் மரியாதை இருந்தது. மெதுவாக நிமிர்ந்தார்.

"தண்ணி அதிகமா நின்னுச்சு. வரப்பு உடைஞ்சிடுமேன்னு..."

"உடையக் கூடாதுன்னு வெட்டினீங்களா?"

அறுபத்தெட்டு வயது மனிதரின் கழுத்து வரைக்கும் சிவந்துபோனது.

"உத்தரவில்லாம அடுத்தவங்க வரப்பை வெட்டினா சங்கத்துல என்ன தண்டனை?"

"உனக்குத் தெரியாதா?"

"நீங்க சொல்லுங்க. எனக்குச் சொல்லிக்குடுத்ததே நீங்கதானே."

"அடுத்த அணைக்கட்டுக்கு ஒரு பன்னி. பதவியில இருந்தா பதவி போச்சு." சொல்லிவிட்டுத் தன் வயலைப் பார்த்தார். "என் நெல்லைப் பாரு தாசிங்."

"மூணு வாரமா பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"இன்னும் கொஞ்ச நேரம் ஓடட்டுமே. ஒரு அரைமணி."

அதுவரைக்கும் பொறுமையாக இருந்தவளுக்கு அந்த ஒரு வார்த்தையில் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"அழுக்குன்னீங்க. கொல்லுன்னீங்க. ஊர் பார்க்க என் பயிரை என் கையாலயே பிடுங்கினேன், நீங்களும் பார்த்துக்கிட்டுத்தானே போனீங்க? இப்ப அதே தண்ணி உங்களுக்கு இனிக்குதா? வீட்டு வாசல்ல வந்து, தாசிங், தண்ணி விடுன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே வெட்டி விட்டிருப்பேனே மனோங். மூடுங்க. உங்க கையாலயே மூடுங்க."

அவர் மூடினார். முட்டி மடங்காமல் திணறி, சேற்றைக் கையால் அள்ளி அள்ளி வைத்தார். தாசிங் உதவவில்லை. ஒரு நிமிடம் கை துறுதுறுத்தது, கையைக் கட்டிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து செலோவிடம் சொன்னதும் அவன் துள்ளிக் குதித்தான்.

"அம்மாடி! ஜாக்பாட்டு! போய்ப் பேசுடி. நான் வாயை மூடிக்கறேன், நீங்க ஓட்டு விஷயத்தை மூடிடுங்கன்னு சொல்லு. பங்கு பத்திரம்."

"அப்படி வாங்கினா அது பங்கில்ல, பிச்சை. நான் ஆத்துல இறங்கிச் சம்பாதிச்சதைத் திருட்டுக்கு மூடி போட்டு எதுக்கு வாங்கணும்?"

"சரி, அப்ப கூட்டத்துல போட்டு உடை."

"யாரு நம்புவா? பார்த்தது நான் ஒருத்தி. பங்கு போகுதுன்னு தலைவர் மேல பழி போடறான்னுதான் சொல்வாங்க. நான் சொல்ல மாட்டேன். அவர் சொல்லட்டும்."

"சொல்லலைன்னா?"

அவள் மண்வெட்டியைக் கழுவப் போய்விட்டாள். கூட்டம் வரைக்கும் அந்த இரண்டு மாதமும் அவளுக்குச் சரியாகச் சோறு இறங்கவில்லை.

அறுவடை முடிந்த ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் பிறகு, தேவாலயத்து முற்றத்தில் கூட்டம். வாய்க்காலுக்குப் பயிரை இழந்தும் தாசிங்கின் துண்டுகளில் யாருக்கும் குறையாமல் விளைந்திருந்தது. ருபினோ அதை அதிர்ஷ்டம் என்றான். மாஸ்ட்ரோவின் கோடித் துண்டில் பாதிக்கு மேல் பதர். அதைப் பற்றி யாரும் பேசவில்லை. பெரியவர் மனம் நோகக் கூடாது பாருங்கள்.

எழுத்தர் புத்தகத்தைப் பிரித்து விஷயத்தை வாசித்தார். உத்தரவை மீறியதற்காக அனஸ்தாசியா என்கிற தாசிங்கின் பங்கை எடுத்துக்கொள்வதா வேண்டாமா. எடுக்க வேண்டுமென்றால் பதினாறு கை வேண்டும்.

"உத்தரவுக்கு மரியாதை இல்லைன்னா நாளைக்கு யார் அணைக்கு வருவா?" என்று சொல்லி முதல் கையைத் தூக்கினான் ருபினோ. வயலில் நூல் சுருட்டிய அதே கை. பின்னாலேயே ஐந்து கை, எட்டு கை, பதினொன்று. எழுத்தர் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். செலோ பின்னாலிருந்து அவள் பாவாடையை இழுத்தான். "சொல்லிடுடி, உனக்குப் புண்ணியமா போகும், சொல்லித் தொலைடி!"

தாசிங் எழுந்து நின்றாள். கைகளைப் பார்க்கவில்லை. மாஸ்ட்ரோவை மட்டும் பார்த்தாள்.

"எனக்குச் சொல்ல ஒண்ணும் இல்ல. பத்தொன்பது வருஷமா கல்லு சுமந்தேன், அது உங்களுக்கே தெரியும். என் மண்ணுக்கு விஷம் போட மாட்டேன்னேன், இன்னிக்கும் மாட்டேன். பங்கை எடுத்தாலும் மாட்டேன்தான். மிச்சம் சொல்ல வேண்டியது நான் இல்ல."

பன்னிரண்டு. பதின்மூன்று. பதினான்காவது கை கொஞ்சம் தயங்கித் தயங்கி மேலே வந்தது.

"கையை இறக்குங்க" என்றார் மாஸ்ட்ரோ.

யாருக்கும் புரியவில்லை. அவர் எழுந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"என் கோடித் துண்டு ரெண்டு வருஷமா செழிச்சது ஆத்து வண்டலாலன்னு உங்க எல்லார்கிட்டயும் சொன்னேன். வண்டல் இந்த வருஷமும் வந்துச்சு. வராதது தாசிங்கோட தண்ணிதான்." நிறுத்தி மூச்சு வாங்கினார். "ரெண்டு மாசத்துக்கு முன்னால, மத்தியானத்துல, அவ வரப்பை நான் வெட்டினேன். உத்தரவில்லாம. அவ பார்த்துட்டா. ஊர்ல ஒருத்தர்கிட்டயும் சொல்லல."

முற்றத்தில் பெரிய சலசலப்பு. எழுத்தர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். தூக்கிய கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. சில கைகள் அப்படியே தலையைச் சொறியப் போய்விட்டன. தாசிங்கின் பங்கு அவளிடமே இருக்கட்டும் என்று நாலாபக்கமும் குரல் வந்தது. எழுத்தர் அதை எழுதினார்.

"சரி, நல்லதா போச்சு" என்று ருபினோ அவசர அவசரமாக எழுந்தான். "பெரியவர் ஏதோ வெயில்ல, தெரியாம... அதை விட்டுடுவோம். இருபத்திரண்டு வருஷம் உழைச்சவரு."

"ஆமா, ஆமா, விட்டுடுவோம்" என்றார்கள் நாலைந்து பேர்.

"விடக் கூடாது" என்றாள் தாசிங்.

அத்தனை முகமும் அவள் பக்கம் திரும்பியது.

"என் பங்கைப் பிடுங்க பதினாலு கை மேல வந்துச்சு. நான் செஞ்சது என்ன? என் மண்ணை நான் காப்பாத்தினேன். அடுத்தவ வரப்பை வெட்டினவருக்கு ஒரு கை மேல வராதா? எனக்கு ஒரு சட்டம், அவருக்கு ஒரு சட்டம்னா இந்தச் சங்கம் எதுக்கு, அந்த அணை எதுக்கு?"

சொல்லிவிட்டுத் தன் வலது கையைத் தூக்கினாள். மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன கை. முற்றத்தில் அது மட்டும்தான் தனியாக நின்றது. அவளுக்கு வெட்கமாகக்கூட இருந்தது. இறக்கவில்லை.

இரண்டாவதாகத் தூக்கியது மாஸ்ட்ரோவின் கை.

அதற்குப் பிறகு மற்றவர்கள் தூக்கினார்கள். எழுத்தர் எண்ணி முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. மாஸ்ட்ரோ எழுத்தரின் மேசைக்குப் போய்ச் சங்கத்து முத்திரையை வைத்துவிட்டு, பெஞ்சில் மற்ற உறுப்பினர்களோடு வந்து உட்கார்ந்தார். அவருக்குப் பக்கத்தில் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தது செலோதான்.

கூட்டம் கலையும்போது ருபினோ மெல்ல அவளிடம் வந்தான். கூடவே இன்னும் சிலர், ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவராக.

"மனாங்... அடுத்த நடவுக்கு வெளிமடையைத் திறந்து விடுவீங்கதானே? நாங்களும் அந்தப் பொட்டலம் கொஞ்சம்..."

தாசிங் அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். எந்தெந்தக் கை முதலில் எழுந்தது, எது தயங்கி எழுந்தது என்று அவளுக்கு நன்றாக நினைவிருந்தது.

"மூணு வாய்க்கால். ஆறு நாள். நான் ஒருத்தியா வெட்டினேன்" என்றாள். "கை தூக்கின பதினாலு பேரும் நாளைக்குக் காலையில வந்து அதை மூடுங்க. பாசியைப் பத்தி அப்புறம் பேசுவோம்."

"வந்துடறோம் மனாங்."

"மண்வெட்டியை நீங்களே கொண்டுவாங்க. என்னுது தேய்ஞ்சுபோச்சு."